அரைக் கிளிக்

என் கையை நான்தான் கொடுத்தேன். மூன்று நாள், ஒரு கேமராவுக்கு முன்னால். இந்தக் கட்டுரையில் நான் யாரைத் திட்டினாலும் அந்தப் பட்டியலில் நானும் உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சென்ற மாதம் நண்பர் ஒருவர் ஒரு ரீல் அனுப்பினார். தொழிற்சாலை உடுப்பில் ஒரு பெண், முகத்தில் தடித்த கறுப்புக் கண்ணாடி. அவள் கண்ணுக்கு முன்னால் ஒரு பச்சை அம்பு மிதக்கிறது. அம்பு காட்டும் இடத்தில் திருகைப் போடுகிறாள். டிக். அடுத்த அம்பு. டிக். பின்னணியில் உற்சாகமான இசை. மேலே ஒரு வரி: 'இனி அனுபவம் தேவையில்லை.' நண்பர் கீழே எழுதியிருந்தார்: "உங்க கல்வராயன் மலைப் புள்ளைங்களுக்கு இது வந்தா எப்படி இருக்கும்! ஒரே நாள்ல வேலைக்குத் தயாராயிடலாம்."

அவர் நல்ல மனிதர். நிறையப் படிப்பவர். பிரச்சினையே அதுதான். நல்ல மனிதர்கள்தான் இந்த ரீலை அனுப்புகிறார்கள்.

தோழர், அது வந்தாச்சு. மலையிலிருந்து வந்த ஒரு பெண் ஒரே நாளில் வேலைக்குத் தயாரானாள். ஏழு மாதம் கழித்து ஒரே நாளில் வெளியேயும் போனாள். முதல் 'ஒரே நாளு'க்கும் இரண்டாவது 'ஒரே நாளு'க்கும் என்ன உறவு என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

*

ஆக்மென்டட் ரியாலிட்டி என்றதும் நம்மில் பலருக்கு 2016-இல் தெருத்தெருவாகத் தேடித் திரிந்த போக்கிமான் நினைவுக்கு வரும். செய்தித்தாள்கள் 'மிகை யதார்த்தம்' என்று எழுதுகின்றன. கேட்டால் ஏதோ லத்தீன் அமெரிக்க நாவல் வகை மாதிரி இருக்கிறது. ஆனால் அந்தப் பெயர் பிறந்தது விளையாட்டுக்காக இல்லை. வயர் கட்டுக்காக.

1990 வாக்கில் போயிங் நிறுவனத்தில் டாம் காடெல், டேவிட் மிசெல் என்று இரண்டு ஆய்வாளர்கள். ஒரு விமானத்துக்குள் ஓடும் வயர்களைக் கட்டுக் கட்டாகச் சேர்ப்பதற்கு அங்கே பெரிய பெரிய ப்ளைவுட் பலகைகள் இருந்தன. பலகை மேல் படம். படத்தின் மேல் வயரைப் பரப்பி, வளைத்து, கட்டி எடுக்க வேண்டும். ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு பலகை. செய்வதும் செலவு, வைப்பதற்கும் இடமில்லை. வெறும் பலகை போதும், தொழிலாளி ஒரு தலைக்கருவியை மாட்டிக்கொண்டால் படம் அவர் கண்ணுக்குள்ளேயே தெரியட்டும் என்று இருவரும் யோசித்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர்தான் இது. 1992-இல் கட்டுரையாகவும் வெளியிட்டார்கள். விமானத் தயாரிப்பில் மனிதர் கையால் செய்யும் வேலைகளின் செலவைக் குறைப்பதும் திறனைக் கூட்டுவதும் நோக்கம் என்று ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். தொழிலாளியை 'மேம்படுத்துகிறோம்' என்ற பேச்செல்லாம் பிறகு வந்தது.

நான் வேலை பார்த்ததும் வயர் கட்டில்தான். விமானத்துக்கு இல்லை, காருக்கு. ஒயரிங் ஹார்னஸ் என்பார்கள். காரின் எலும்பும் தோலும் விளம்பரத்தில் தெரியும், நரம்பு தெரியாது. அந்த நரம்பைக் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். ரோபோ ஏன் இதைச் செய்யவில்லை என்று கேட்பீர்கள். இரும்புத் தகட்டை ரோபோ பிடிக்கும், பற்றவைக்கும். வயர் தொளதொளவென்று தொங்கும். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி வளையும். அதனால் உலகம் முழுக்க இந்த வேலை இன்னும் கையை நம்பித்தான் இருக்கிறது. சாய்த்து நிறுத்திய பெரிய போர்டு, அதில் வயரைத் தாங்கும் ஃபோர்க்குகள், போர்டுக்கு முன்னால் நாங்கள். வயரின் நுனியில் சின்னதாக ஒரு டெர்மினல் இருக்கும். அதைக் கனெக்டரின் சரியான ஓட்டைக்குள் குத்த வேண்டும். பிறகு டேப் சுற்ற வேண்டும்.

நான் சேர்ந்தபோது பயிற்சி அறையில் பதினைந்து நாள் உட்கார வைத்தார்கள். அங்கே இருந்த அக்கா முதல் நாள் சொல்லிக்கொடுத்த மந்திரம் மூன்றே சொல்: தள்ளு, கிளிக், இழு. டெர்மினலைத் தள்ளு. கிளிக் என்று பூட்டிக்கொள்ளும். பிறகு மெதுவாக ஒரு இழு. வரவில்லை என்றால் பூட்டியாச்சு. தள்ளுவதும் கிளிக்கும் யாருக்கும் வந்துவிடும். அந்த இழுப்பு வருவதற்குத்தான் பதினைந்து நாள். பலமாக இழுத்தால் க்ரிம்ப் பிய்ந்துவிடும், லேசாக இழுத்தால் ஒன்றும் தெரியாது. எவ்வளவு பலம் என்று கேட்டதற்கு அந்த அக்கா சொன்னார்: "தூங்குற குழந்த கையிலேர்ந்து பொம்மைய எடுப்ப இல்ல, அவ்ளோதான்."

*

இரண்டு வருடம் கழித்து கண்ணாடி வந்தது. பெரிய பெட்டியில், தெர்மாக்கோல் வைத்து. சோதனை ஓட்டம் என்றார்கள். அந்த மாதிரித் தலைக்கருவிகளில் உலகில் அதிகம் பேசப்பட்ட ஹோலோலென்ஸ் 2-இன் எடை 566 கிராம். எட்டு மணி நேரம் அரைக் கிலோவுக்கு மேல் நெற்றியில் கட்டிக்கொண்டு நின்று பாருங்கள். தலைவலி, கழுத்துவலி, வியர்வை. கொண்டை போட்டவர்களுக்குப் பட்டை உட்காரவில்லை. கண்ணாடி போய், தலைக்கு மேல் புரொஜெக்டரும் கேமராவும் வந்தன. போர்டின் மேலேயே வெளிச்சம் விழும். எந்த வயரை எடுக்க வேண்டுமோ அந்தத் தொட்டியின் மேல் பச்சைக் கட்டம். எந்த ஓட்டையோ அங்கே ஒரு வட்டம். குத்தியதும் கேமரா பார்க்கும். நிறம் சரி, இடம் சரி என்றால் பச்சை. இல்லாவிட்டால் சிவப்பு.

இப்போது இந்தக் கருவிக்காகக் கொஞ்சம் வாதாடப் போகிறேன். எதிரியின் வாதத்தை எதிரியைவிட நன்றாகச் சொல்ல வேண்டும், இல்லையா?

நான் கச்சிராயபாளையம் பக்கம். கல்வராயன் மலை எங்களுக்குக் கூப்பிடு தூரம். என் அப்பா மரச்சிற்பம் செய்கிறவர். கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது முகநூலில் எத்தனை பேர் உருகினார்கள்! தலைமுறை தலைமுறையாகக் கைமாறும் கலை, உளியின் மொழி, மரத்தின் மூச்சு. நானும் லைக் போட்டேன். ஆனால் அப்பா உளியையும் கொட்டாப்புளியையும் யாரிடம் கொடுத்தார்? அண்ணனிடம். என்னிடம் கொடுத்தது உப்புத்தாள். அண்ணன் செதுக்கியதை நான் தேய்க்க வேண்டும். "பொம்பளப் புள்ளைக்கு உளி எதுக்குடா?" என்று அவர் அண்ணனிடம்தான் கேட்டார். என்னிடம்கூடக் கேட்கவில்லை. பக்கத்துத் தெருப் பையன் கற்றுக்கொள்ளலாமா என்று வந்தால், முதலில் பார்க்கப்பட்டது அவன் கையை அல்ல, அவன் எந்தத் தெரு என்பதை.

ஆகவே 'கைத்தொழில் ஞானம் அழிகிறதே' என்று ஒப்பாரி வைக்கிறவர்களுடன் நான் சேர்ந்து அழ மாட்டேன். அந்த ஞானத்துக்கு வாசல் இருந்தது, வாசலில் சாதி உட்கார்ந்திருந்தது, உள்ளே ஆண் உட்கார்ந்திருந்தான். புரொஜெக்டர் என் சாதியைக் கேட்கவில்லை. நான் பெண்ணா என்று பார்க்கவில்லை. ஆங்கிலத்தில் அச்சடித்த வேலைக் குறிப்பைப் படிக்கத் தெரியாதவளும் வெளிச்சத்தைப் பின்தொடர்ந்து வேலை செய்யலாம். தப்பு செய்தால் அது கத்தாது, சிவப்பு காட்டும், அவ்வளவுதான். சூப்பர்வைசர் வாயிலிருந்து வரும் வார்த்தைகளைக் கேட்டவர்களுக்குத் தெரியும், அந்த மௌனம் எவ்வளவு பெரிய மரியாதை என்று.

ஆய்வும் இதன் பக்கம்தான் நிற்கிறது. போயிங்கும் அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகமும் ஒரு சோதனை செய்தன. மாதிரி விமான இறக்கை ஒன்றை அனுபவமில்லாதவர்கள் பூட்ட வேண்டும். முப்பது பாகம், ஐம்பது படி. ஒரு குழுவுக்கு வழக்கமான கணினித்திரைக் குறிப்பு, இன்னொரு குழுவுக்கு ஆக்மென்டட் ரியாலிட்டி. இரண்டாவது குழு சுமார் மூன்றில் ஒரு பங்கு நேரத்தை மிச்சப்படுத்தியது. முதல் முயற்சியிலேயே பிழையில்லாமல் பூட்டியதில் நன்றாகவே முன்னால் இருந்தது. இதை நான் மறுக்கவில்லை. என் கண்ணாலேயே பார்த்தேன்.

ஆனால் அந்தச் சொற்களைத் திரும்பப் படியுங்கள்: அனுபவமில்லாதவர்கள். முதல் முயற்சி. இந்த மாதிரிச் சோதனைகள் அளப்பது பெரும்பாலும் ஒருத்தியின் முதல் நாளை. தொழில் என்பதோ அவளுடைய முந்நூறாவது நாள். முந்நூறாவது நாளில் அவள் என்னவாக இருக்கிறாள்? அவளுக்கு என்ன தெரியும்? அந்தத் தெரிதலுக்கு என்ன சம்பளம்? இந்தக் கேள்விகளை யாரும் ரீல் போடுவதில்லை.

*

புரொஜெக்டர் தானாக எதையும் தெரிந்துகொண்டு வரவில்லை. யாராவது அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். லைனில் தப்பு குறைவாகவும் வேகம் அதிகமாகவும் இருந்தவள் நான். என்னைக் கூப்பிட்டார்கள். ஏசி அறை, நல்ல டீ, மூன்று நாள். கேமராவுக்கு முன்னால் போர்டை நிறுத்தி, "நார்மலா செய்யுங்கம்மா" என்றார் ஒரு இன்ஜினியர். சின்ன வயது, மரியாதையான பையன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டுக்குப் போன் போட்டு, "அப்பா, என் கையப் படம் புடிக்கிறாங்க" என்றேன். உப்புத்தாள் கொடுத்த கையை.

மூன்றாம் நாள் அவர் என் வீடியோவைத் துண்டு துண்டாக நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு டெர்மினலுக்குப் பிறகும் என் விரல் ஒரு சின்ன வெட்டு வெட்டுவதைக் காட்டி, "இது என்ன?" என்றார்.

"இழுத்துப் பாக்குறது சார்."

"அதான் எண்டுல டெஸ்ட் போர்டு இருக்கே. கரன்ட் பாஸ் ஆனா ஓகேதானே?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒரு கணக்குப் போட்டார். ஒரு இழுப்புக்கு அரை வினாடி. ஒரு ஷிப்டுக்கு ஆயிரத்து இருநூறு டெர்மினல். அறுநூறு வினாடி, அதாவது பத்து நிமிடம். 'வேஸ்ட் மோஷன்' என்று ஒரு பத்தியில் எழுதினார். வழிகாட்டியில் படி இரண்டாகச் சுருங்கியது: எடுக்கவும், செருகவும்.

அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவர் படித்த பாடத்துக்கு நூறு வயதுக்கு மேல். பிரெடரிக் டெய்லர் 1911-இல் புத்தகமாகவே எழுதிவைத்தார்: தொழிலாளியின் ஒவ்வொரு அசைவையும் கடிகாரம் வைத்து அளந்து, தேவையற்றதை நீக்கி, மிச்சத்தை விதியாக்கித் திருப்பிக் கொடு. தொழில்பற்றிய அறிவைத் தொழிலாளிகளிடமிருந்து திரட்டி நிர்வாகத்தின் கையில் சேர்ப்பது அந்தத் திட்டத்தின் இதயம். 1974-இல் இதைப் பிரித்து மேய்ந்த ஹாரி பிரேவர்மன் பேராசிரியராக இருந்தவர் அல்ல. செம்புக் கொல்லராகப் பயிற்சி பெற்றுக் கப்பல் கட்டும் தளத்தில் வேலை பார்த்தவர். கையிலிருந்து மூளையைப் பிரித்தால் கை மலிவாகும் என்று அவருக்குக் கையாலேயே தெரிந்திருந்தது. டெய்லரிடம் கடிகாரம் இருந்தது. இப்போது கேமரா இருக்கிறது, வெளிச்சம் இருக்கிறது. அசைவை அளப்பதோடு நிற்காமல் அடுத்த அசைவை உங்கள் கைமேலேயே எழுதிக் காட்ட முடிகிறது.

சில மாதம் கழித்துப் பயிற்சி அறையை மூடினார்கள். பதினைந்து நாள் ஒரு நாளானது. அந்த அக்காவை பேக்கிங்குக்கு மாற்றினார்கள்.

*

அப்போதுதான் அந்தத் தங்கச்சி வந்தாள். வெள்ளிமலைக்கும் அந்தப் பக்கம் ஒரு ஊர். பத்தொன்பது வயது. மலையாளிப் பழங்குடி. கேரளா என்று நினைத்துவிடாதீர்கள், மலையில் வாழ்கிறவர்கள் என்ற பொருளில் அந்தப் பெயர். 1976 வரை ஜாகீர்தார்களின் கையில் இருந்த மலை அது. அங்கே கூலியில்லாமல் உழைத்த தலைமுறையின் கதையைச் சொல்ல இன்றைக்கும் ஆள் இருக்கிறார்கள். பக்கத்தில் வேலை கிடையாது. மிளகு பறிக்க, காபி பறிக்க, செங்கல் அறுக்க என்று ஆண்டுக்குப் பாதி நாள் வெளியே போகும் சனம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்த பிறகுதான் சென்னை உயர் நீதிமன்றமே கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கையைப் பற்றித் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. அந்த மலையிலிருந்து ஒரு பெண் பேருந்து ஏறி, சென்னைப் பக்கம் ஒரு ஆலையில் அடையாள அட்டை மாட்டுகிறாள் என்றால் அது சின்ன விஷயம் இல்லை.

கை என்றால் அப்படி ஒரு கை அவளுக்கு. கடுக்காய் பொறுக்கிப் பழகிய கை. உள்ளே பூச்சி அரித்ததைத் தூக்கிப் பார்த்தே சொல்லிவிடுவாள். முதல் நாளே பச்சை பச்சையாக எரிந்தது. மூன்றாம் நாள் டீ இடைவேளையில் என்னிடம் வந்தாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டா? சில வயரு குத்துறப்ப கிளிக்குனு கேக்குது. சிலது கேக்கல, கையில மட்டும் தெரியுது. சிலது கையிலயும் பாதிதான் தெரியுது. ஆனா பச்சை எரியுதுக்கா. அது சரிதானா?"

யாரும் சொல்லிக்கொடுக்காமல், மூன்றே நாளில், அரைக் கிளிக்கைக் கண்டுபிடித்துவிட்டாள். கேமராவுக்குத் தெரியாத ஒன்று அவள் விரலுக்குத் தெரிந்துவிட்டது. டெர்மினல் பாதி உள்ளே போய், பூட்டிக்கொள்ளாமல் நிற்கும். நிறம் சரி. இடமும் சரி. டெஸ்ட் போர்டில் மின்சாரமும் பாயும். ஆனால் கார் ஓடி, குலுங்கிக் குலுங்கி, ஒரு நாள் பின்னால் நழுவும். அன்றைக்கு விளக்கு எரியாது, இல்லை ஃபேன் ஓடாது, இல்லை அதைவிட மோசமாக ஏதாவது ஆகும்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? 'இழு' என்ற ஒரே ஒரு சொல்லைச் சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்கு எங்கள் லைன் இலக்கில் பின்தங்கியிருந்தது. இழுக்க ஆரம்பித்தால் அவள் எண்ணிக்கை குறையும், திரையில் மஞ்சள் எரியும், சூப்பர்வைசர் வருவார். அவளுக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொன்னேன்: "பச்சை எரிஞ்சா போயிட்டே இரு."

ஏழாம் மாதம் சில ஹார்னஸ்கள் திரும்பி வந்தன. டெர்மினல் பின்வாங்கியிருக்கிறது. வரிசை எண்ணை வைத்துத் தேடினால் அவளுடைய போர்டு, அவளுடைய ஷிப்டு. மீட்டிங்கில் பதிவை எடுத்துப் போட்டார்கள். எல்லாம் பச்சை. ஒரு சிவப்பு கிடையாது. அவளைக் காப்பாற்றியிருக்க வேண்டிய பதிவு அது. அது சொன்னதைத்தானே அவள் செய்தாள்? ஆனால் அங்கே அது தலைகீழாக வாசிக்கப்பட்டது: சிஸ்டம் சரியாகத்தான் வழிகாட்டியிருக்கிறது, ஆகவே தவறு ஆளிடம். ஒப்பந்தத் தொழிலாளி. மறுநாள் அட்டை வேலை செய்யவில்லை. கேட்டில் பீப் என்ற சத்தம்கூட வரவில்லை என்றாள். அவள் இடத்துக்கு மதியத்துக்குள் வேறு ஒரு பெண் வந்துவிட்டாள். ஒரே நாள் பயிற்சிதானே.

நானும் அந்த மீட்டிங்கில் இருந்தேன். வாய் திறக்கவில்லை.

*

என் வாதம் இதுதான். ஒருத்தியை ஒரே நாளில் வேலைக்குத் தயாராக்கும் கருவி, அவளை ஒரே நாளில் மாற்றக்கூடியவளாகவும் ஆக்குகிறது. இரண்டும் ஒரே வசதியின் இரண்டு பக்கம். முதல் பக்கத்தைக் காட்டி அரசிடம் கைதட்டு வாங்குகிறார்கள், இரண்டாம் பக்கத்தைக் காட்டி நிர்வாகத்திடம் ஆர்டர் வாங்குகிறார்கள். பதினைந்து நாள் செலவழித்துக் கற்ற பெண்ணை அனுப்ப முதலாளி ஒரு கணம் யோசிப்பார். ஏனென்றால் அடுத்தவளுக்கு இன்னொரு பதினைந்து நாள் ஆகும். எங்களுக்கு இருந்த ஒரே பேரம் பேசும் பலம் அந்தப் பதினைந்து நாள்தான். சங்கத்தை அங்கீகரிக்கக் கேட்டே 2024-இல் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கும் மேல் வெளியே உட்கார வேண்டியிருந்த மாநிலம் இது. இங்கே ஒப்பந்தப் பெண்ணுக்குக் கைத்திறனைத் தவிர வேறு என்ன சங்கம் இருக்கிறது?

'லாபத்துக்கு லாபம், தரத்துக்குத் தரம்' என்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அறிவைக் கருவிக்குள் வைத்தால் கருவியோடு அது போகும். கூகுள் தன் தொழிற்சாலைக் கண்ணாடி விற்பனையை 2023 மார்ச்சில் நிறுத்தியது. மைக்ரோசாப்ட் 2024 அக்டோபரில் ஹோலோலென்ஸ் 2 உற்பத்தியை நிறுத்தியதாகச் சொன்னது. பூமியிலேயே பணம் கொழுத்த இரண்டு கம்பெனிகளின் கண்ணாடிக்கே ஆயுள் இவ்வளவுதான். பயிற்சி அறையில் இருந்த அக்காவின் கைக்கு அதைவிட அதிக ஆயுள் இருந்தது. அவரை பேக்கிங்குக்கு அனுப்பியது என்ன சிக்கனம்?

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்பீர்கள். பார்ப்போம். 1947-ஆம் ஆண்டுத் தொழிற்தகராறு சட்டத்தில் ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. வேலை நிலைமைகளில் சில மாற்றங்களைச் செய்யும் முன் தொழிலாளிக்கு 21 நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும் என்றது அது. எந்தெந்த மாற்றங்கள் என்பது நான்காம் அட்டவணையில் இருந்தது. இயந்திரத்திலும் தொழில்நுட்பத்திலும் செய்யும் மேம்பாடும் அதில் இருந்தது, ஆனால் 'ஆட்குறைப்புக்கு வழிவகுக்கக்கூடியதாக' இருந்தால் மட்டும். 2020-இல் வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பும் இந்த வாசகத்தைப் பெரிதாக மாற்றவில்லை. புரொஜெக்டர் யாரையும் குறைக்காது. போர்டுக்கு முன்னால் அதே எண்ணிக்கையில் பெண்கள் நிற்பார்கள். ஆள் குறையாது, ஆளின் மதிப்பு மட்டும் குறையும். அதற்கு அட்டவணையில் இடம் இல்லை. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்காக 2023-இல் ஒரு சட்டம் வந்தது. அதன் ஏழாம் பிரிவு, வேலைவாய்ப்பு தொடர்பான நோக்கங்களுக்காக ஊழியரின் தரவை அவர் சம்மதம் இல்லாமலே பயன்படுத்த வழி திறந்து வைத்திருக்கிறது. உங்கள் போன் நம்பருக்குக் காவல் இருக்கிறது. என் விரல் ஒவ்வொரு வினாடியும் எங்கே இருந்தது என்பதற்கு இல்லை.

ஜாகீர் காலத்தில் அந்த மலையில் உழைப்பைக் கூலியில்லாமல் வாங்கினார்கள். இன்றைக்கு உழைப்புக்குக் கூலி உண்டு, சட்டப்படி, வங்கிக் கணக்கில். உழைப்புக்குள் இருக்கும் அறிவைத்தான் கூலியில்லாமல் வாங்குகிறார்கள். என் மூன்று நாளுக்கு எனக்குக் கிடைத்தது வழக்கமான சம்பளமும் மூன்று டீயும். இரண்டும் ஒன்றல்ல என்று எனக்குத் தெரியும். ஆனால் இரண்டுக்கும் நடுவில் ஒரு சொந்தம் இருக்கிறது.

*

"அப்போ என்ன, உடைச்சுப் போடணும்ங்கிறியா?" என்று நண்பர் கேட்டார். இல்லை. உப்புத்தாளோடு நின்ற சிறுமியை நான் மறக்கவில்லை. எனக்கு அப்போது ஒரு புரொஜெக்டர் இருந்திருந்தால் உளி பிடிக்கக் கற்றிருப்பேனோ என்னவோ.

அதனால் நான் கேட்பது வேறு. வழிகாட்டியை யாருடைய கையை வைத்து எழுதுகிறார்களோ அவள் ஒப்புதல் இல்லாமல் அதில் ஒரு அசைவைக்கூட வெட்டக் கூடாது. அவள் செய்தது பயிற்றுநர் வேலை, பயிற்றுநர் சம்பளம் கொடுங்கள். அந்தத் தங்கச்சி மூன்றாம் நாள் என்னிடம் கேட்ட கேள்வியை வெளிச்சத்திடமே கேட்க ஒரு பொத்தான் வேண்டும். கேள்வி கேட்டதற்காக எண்ணிக்கை குறையக் கூடாது, பதில் வரும்வரை லைன் பொறுக்க வேண்டும். வெளிச்சம் நாளாக ஆக மங்க வேண்டும். முதல் வாரம் எல்லாப் படியும் காட்டு, மூன்றாம் மாதம் கஷ்டமானதை மட்டும் காட்டு, அதற்குப் பிறகு கேட்டால் மட்டும் காட்டு. சைக்கிள் கற்றுக்கொடுக்கிறவர் சீட்டைப் பிடித்துக்கொண்டே ஆயுள் முழுக்கவா ஓடுவார்? பயிற்சி நாட்களைக் குறைக்கக் கருவியைக் காரணம் காட்டக் கூடாது. பதிவை ஆளைத் தண்டிக்கப் பயன்படுத்தக் கூடாது. பயன்படுத்துவதானால் ஆளைக் காப்பாற்றவும் அதே பதிவைப் பயன்படுத்த அவளுக்கு உரிமை வேண்டும். முன்னறிவிப்பு கொடுக்க வேண்டிய மாற்றங்களின் அட்டவணையில் 'திறன் மதிப்பைக் குறைக்கக்கூடிய' என்று மூன்று சொல்லைச் சேருங்கள்.

ஏன் இப்போதே கேட்கிறேன் என்றால், ஆலை எங்கள் மாவட்டத்துக்கே வருகிறது. 2023 ஏப்ரலில் தைவானின் பௌ சென் குழுமத்தோடு தமிழக அரசு ஒப்பந்தம் போட்டது. கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் தோல் அல்லாத காலணி ஆலை, 2,302 கோடி ரூபாய், பன்னிரண்டு ஆண்டுகளில் இருபதாயிரம் வேலை. அதே ஏப்ரலில்தான் வேலை நேரத்தைப் பன்னிரண்டு மணியாக்க வழி செய்யும் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பு கிளம்பி, நிறுத்தி வைக்கப்பட்டு, மே தினத்தில் திரும்பப் பெறப்பட்டது. எதிர்த்தால் திரும்பப் பெறுவார்கள் என்பதற்கு நமக்கு அது ஒரு சாட்சி. மாநிலம் முழுக்க 71 அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்கள் 2,877 கோடி ரூபாய் செலவில் 4.0 ஆகியிருக்கின்றன. காலணி செய்வதும் கை வேலைதான். வெட்டுவது, தைப்பது, ஒட்டுவது, அச்சில் ஏற்றுவது. குறிப்பிட்ட எந்த ஆலையையும் நான் குறை சொல்லவில்லை. எங்கள் பிள்ளைகளுக்கு வேலை வருவதில் எனக்கு மகிழ்ச்சிதான். மலையிலிருந்து இறங்கும் பிள்ளைக்கு உளுந்தூர்பேட்டை இரண்டு பேருந்து தூரம், ராத்திரி வீட்டுக்குத் திரும்பலாம். ஆனால் பேரம் என்பது ஆலை கட்டும்போது பேசுவது. கட்டி முடித்த பிறகு பேசினால் அதற்குப் பெயர் கெஞ்சல்.

இதை ஏன் ஒரு இலக்கிய இதழில் எழுதுகிறாய் என்று கேட்கலாம். இங்கே இருக்கும் பலர் நாளைக்கு அந்த வழிகாட்டிகளை எழுதப் போகிறவர்கள். மென்பொருளில் இருக்கிறீர்கள், டிசைனில் இருக்கிறீர்கள், 'செருகவும்' என்பதை மொழிபெயர்க்கிறவர்களாகவும் இருக்கிறீர்கள். என் வீடியோவில் அரை வினாடியை வெட்டிய அந்தப் பையனும் டீ குடிக்கும்போது போனில் சிறுகதை படித்துக்கொண்டிருந்தான். நல்ல ரசனை. ஒரு கதையில் ஒரு வரியை வெட்டினால் என்ன போகும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். என்னைக் கேட்டிருந்தால் இங்கே என்ன போகும் என்று நானும் சொல்லியிருப்பேன். கேட்டானா என்றால், கேட்டான். நான்தான் இரண்டாவது தடவை சொல்லவில்லை.

போன பொங்கலுக்கு வெள்ளிமலை போனேன். அவள் வீட்டைக் கண்டுபிடித்தேன். வாசலில் சாமை காய்ந்துகொண்டிருந்தது. அவள் கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போய்விட்டாள் என்று அவள் அம்மா சொன்னார். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். "கம்பெனியில நல்லா செய்யலன்னு அனுப்பிட்டாங்களாமே. கை வேல அவளுக்கு நல்லா வருமே, ஏன்னு தெரியலம்மா" என்றார். நான் தண்ணீரைக் குடித்தேன்.

இப்போது வேறு ஒரு ஆலையில் இருக்கிறேன். இங்கேயும் வெளிச்சம்தான். புதிதாக வரும் பெண்களிடம் டீ இடைவேளையில் மூன்று சொல்லைச் சொல்கிறேன். மூன்றாவது சொல் வழிகாட்டியில் இல்லை. நானும் ஒவ்வொரு தடவையும் இழுத்துப் பார்க்கிறேன். அரை அரை வினாடியாகச் சேர்ந்து என் திரையில் மஞ்சள் எரிகிறது. நேற்று என் எண்ணிக்கை இலக்கைவிடப் பதினொன்று குறைவு.